கையில் இருந்த விடை



ஐ.சி. என்ஜின் பேப்பரில் 'நாக்கிங்' பற்றிப் படிக்காமல் நம்மில் யார் பாஸ் பண்ண முடியும்? என்ஜினுக்குள் கேட்கும் அந்த 'டக் டக்' சத்தத்தை அடக்கிப் பேர் வாங்கியவர் தாமஸ் மிட்ஜ்லி. நம்மைப் போல மெக்கானிக்கல் படித்த ஆள். அவர் கதை நமக்கெல்லாம் ஒரு பாடம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அது பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வசம் போனது.

கம்ப்ரெஷன் ரேஷியோவைக் கூட்டினால் அதே பெட்ரோலில் அதிக பவர் கிடைக்கும். ஆனால் ஸ்பார்க் பிளக்கில் கிளம்பிய தீ வந்து சேரும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். குற்றம் எரிபொருளில் இருக்கிறது என்று கண்டுகொண்ட மிட்ஜ்லி, அயோடின், அனிலின் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். சளைக்கவே இல்லை மனுஷன்!

நல்ல விடை ஒன்று அப்போதே அவர் கையில் இருந்தது. அது ஆல்கஹால். அதிக அழுத்தத்தையும் தாங்கும், சுத்தமாக எரியும். ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்கு 1920-ல் பேட்டன்ட் விண்ணப்பமே போட்டார். 1921 அக்டோபரில் 30 சதவீத ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை காரும் ஓட்டிக் காட்டினார்.

இரண்டே மாதத்தில் கதை மாறியது. அந்த டிசம்பர் 9-ம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நாக்கிங் கப்சிப்! ஆல்கஹால் என்றால் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வேண்டும். ஈயமோ ஆயிரத்துக்கு ஒரு பங்குகூடத் தேவையில்லை. போதாததற்கு, ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈய மருந்தைப் பேட்டன்ட்டுக்குள் பூட்டி வைக்கலாம். லாபக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவா வேண்டும்?

1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதே சமயம் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் உடம்பு கெட்டு ஓய்வெடுக்கப் போயிருந்தார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சரக்கைத் தயாரித்த தொழிலாளர்கள் 5 பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். அப்போதும் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். தன் உடம்புக்கு என்ன ஆனது என்று தெரிந்த மனிதர் செய்த காரியம் இது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

பிறகு விருதுகள் குவிந்தன. 1940-ல் போலியோ அவர் கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து எழ கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஒரு சாதனம் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2-ல் அந்தக் கயிறே கழுத்தில் இறுகிய நிலையில் இறந்து கிடந்தார்.

ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-ல்தான் நின்றது. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. மிட்ஜ்லி கைவிட்ட விடைக்கே சுற்றி வந்திருக்கிறோம்!

எத்தனாலிலும் குறை உண்டு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. தண்ணீரை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பதம் பார்க்கும். ஆனால் இவையெல்லாம் டிசைனில் சரிசெய்யக்கூடிய குறைகள். குழந்தையின் ரத்தத்தில் ஏறிய ஈயத்துக்கு எந்த ஒர்க்‌ஷாப்பில் ரிப்பேர் பார்ப்பது?

மிட்ஜ்லிக்கு அறிவு குறைவில்லை நண்பர்களே. எஃபிஷியன்சி கணக்குப் போட்ட கையால், அந்தப் புகையைச் சுவாசிப்பவனுக்கும் ஒரு கணக்குப் போடவில்லை. நாளைக்கு நாம் டிசைன் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது, அந்தக் கணக்கையும் சேர்த்தே போடுவோம்.