தோல் மண்டியிலிருந்து நாடாளுமன்றம் வரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நம் பக்கத்தில் எங்கே போனாலும் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் உங்கள் கண்ணில் படும். நம்மில் பல வீடுகளுக்குச் சோறு போடுவதும் அந்தத் தொழில்தான். அதே தொழிலிலிருந்து அரசியலுக்குப் போன ஒருவரை இந்த இதழில் நினைத்துப் பார்ப்போம்.

முகம்மது இஸ்மாயில் என்றால் யோசிப்பீர்கள்; காயிதே மில்லத் என்றால் உடனே தெரிந்துவிடும். சமுதாயத்தின் வழிகாட்டி என்று அதற்குப் பொருள். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். சென்னையில் பி.ஏ. படிக்கும்போது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. தேர்வு எழுதாமல் படிப்பை விட்டார். பிறகு தோல் வியாபாரத்தில் இறங்கினார்.

அன்றைக்கு நம் ஊர்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், சென்னை பெரியமேட்டு மண்டிகளுக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். லண்டனில் விலை விழுந்தால் இங்கே அடி விழும். பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு 1919இல் 15 சதவீத வரி போட்டது. 1923இல் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. அந்த வரி இருந்தால்தான் பச்சைத் தோல் இங்கேயே தங்கும், பதனிடுபவர்களுக்கு வேலை இருக்கும். ஆகவே தோல் வியாபாரிகள் அரசியலை விட்டு ஒதுங்கியிருக்க முடியாது.

இஸ்மாயில் சாகிப் முஸ்லிம் லீக்கில் வளர்ந்து, 1946இல் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். மறு ஆண்டே நாடு பிரிந்தது. லீக்கின் பெரிய தலைவர்கள் பலர் பாகிஸ்தான் போனார்கள். இங்கே இருந்தவர்களிடம் கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்று பல பக்கமும் வற்புறுத்தினார்கள். சந்தேகப் பார்வை இருந்த காலம் அது. பேசாமல் வியாபாரத்தைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்.

அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி கேட்டார், சபை மறுத்துவிட்டது. அந்தக் கோரிக்கையை இன்றும் ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் தோற்றதும் அவர் வெளியேறவில்லை. அதே அரசியல் சாசனத்தின்கீழ் 1952இல் மாநிலங்களவைக்குப் போனார். 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழ்நாட்டுக்காரரை மக்களவைக்கு அனுப்பினார்கள். உறுப்பினராக இருக்கும்போதே 1972 ஏப்ரல் 5 அன்று காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் சங்கக் கூட்டத்தில் நாம் சொன்ன யோசனை ஏற்கப்படாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடுகிறோம், இல்லையா? கேட்டது கிடைக்காத சபையை விட்டுப் போகாமல், இருபது ஆண்டுகளுக்கு மேல் பொதுவாழ்வில் நின்ற இவரை அப்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.