குளிரைக் குடுவையில் அடைத்த அறிஞர்



நோயாளியைக் காண மருத்துவமனைக்குச் செல்கையில் கஞ்சியையோ பாலையோ பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துச் செல்கிறோம். சில மணி நேரம் கழிந்தும் அதன் சூடு ஆறுவதில்லை. ஆனால் இக்குடுவையை முதலில் வடித்தவர் சூட்டைக் காப்பதற்காக அதனைச் செய்யவில்லை. கடுங்குளிரைக் காப்பதற்காகவே செய்தார். அவரே ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் சர் ஜேம்ஸ் டியூவர்.

1842 செப்டம்பர் 20 அன்று கின்கார்டின் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பத்து வயதளவில், உறைந்திருந்த நீர்நிலையின் பனிக்கட்டி உடைந்து உள்ளே வீழ்ந்தார். அதனால் உண்டான கடுங்காய்ச்சல் நெடுநாள் அவரை நடக்கவொட்டாமல் முடக்கியது. அந்நாட்களை வீணாக்காமல் ஊர்த் தச்சரிடம் வயலின் செய்யக் கற்றார். அக்கைத்திறனே பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் துணை நின்றது. பதினைந்து வயதில் பெற்றோரை இழந்தபோதும் கல்வியைக் கைவிடவில்லை. எடின்பரோவில் பயின்று, 1875இல் கேம்பிரிட்ஜிலும் 1877இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பேராசிரியரானார்.

வாயுக்களைக் குளிர்வித்துத் திரவமாக்க அறிஞர்கள் போட்டியிட்ட காலம் அது. ஆக்சிஜன் திரவமாவது பூஜ்ஜியத்திற்குக் கீழே 183 டிகிரியில். அரும்பாடுபட்டுச் சேர்த்த திரவம் சுற்றுப்புற வெப்பத்தால் உடனே கொதித்து மறைந்துவிடும். இதற்கு டியூவர் 1892இல் வழி கண்டார். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மற்றொன்றை வைத்து, இரண்டிற்கும் இடையிலுள்ள காற்றை வெளியேற்றினார். வெற்றிடத்தைக் கடந்து வெப்பம் எளிதில் செல்லாது. கதிராக வரும் வெப்பத்தை வெள்ளிப் பூச்சு திருப்பிவிடும். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பின்னர் ஜெர்மானியர் அதனை வணிகப் பொருளாக்கி, 1904இல் தெர்மாஸ் எனப் பெயரிட்டு விற்றனர். பெரும் பொருள் ஈட்டித் தந்த அக்கண்டுபிடிப்பால் டியூவருக்கு ஆதாயம் கிட்டவில்லை.

1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கி, மைனஸ் 253 டிகிரியை எட்டினார். மறு ஆண்டே அதனை உறையவும் வைத்தார். இப்பணியில் ஏற்பட்ட வெடிவிபத்துகளில் அவருடைய உதவியாளர் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்தனர்.

எஞ்சியிருந்தது ஹீலியம் ஒன்றே. 1895இல் அதனைப் பூமியில் கண்டறிந்த வில்லியம் ராம்சே அதே லண்டன் மாநகரில்தான் இருந்தார். எனினும் இருவருக்குமிடையே பகைமை மூண்டிருந்தது. ஒருவரிடம் ஹீலியத்தைப் பற்றிய அறிவு, மற்றவரிடம் குளிர்விக்கும் திறன். இரண்டும் ஒன்றுசேரவே இல்லை.

ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்ற அறிஞரோ வேறு வழி சென்றார். 1901இல் கருவி செய்வோருக்கெனப் பயிற்சிப் பள்ளியே நிறுவினார். பலரையும் அரவணைத்துப் பொறுமையுடன் உழைத்தார். 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கி மைனஸ் 269 டிகிரியை அடைந்தார். அத்திரவத்தைத் தாங்கி நின்றது டியூவர் வடிவமைத்த வெற்றிடக் குடுவையே! 1913இல் நோபல் பரிசு ஆன்ஸைச் சேர்ந்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் டியூவருக்கு அது வாய்க்கவில்லை. 1923 மார்ச் 27 அன்று, எண்பதாம் வயதில் அவர் காலமானார்.

இன்று எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியமும், நம் கால்நடை மருத்துவமனைகளில் சினை ஊசிக்கான விந்தைப் பாதுகாக்கும் திரவ நைட்ரஜனும் வெற்றிடச் சுவருக்குள்ளேயே தங்குகின்றன. அவர் பயன் எதிர்பாராமல் விட்டுச் சென்ற குடுவை உலகிற்கெல்லாம் பயனளிக்கிறது. அவர் விடாது பற்றிய பிணக்கோ அவருடைய வெற்றியையே பறித்தது. திறமை மிக்கவர் பலர் ஓர் ஊரில் இருந்தும் ஒன்றுபடாவிடில், அவர்கள் தொடங்கிய பணியை வேற்றூரார் முடிப்பர். சிந்தித்து உணர்வோமாக!