தாடியஸ் ஸ்டீவன்ஸ்: மக்கள் கருத்தில் யார் மக்கள்?

போர் ஓய்ந்த நாடுகளில் அரசமைப்பைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம், மக்கள் இன்னும் அதற்கு ஆயத்தமாகவில்லை என்ற வாதமும் கூடவே எழுகிறது. அந்த மக்கள் கணக்கில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டனர் என்பதைக் கேட்போர் குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் அக்கேள்வியை விடாமல் எழுப்பியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். நம் அரசமைப்பின் 14ஆம் கூறில் உள்ள சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்ற தொடர், அமெரிக்காவின் 14ஆம் திருத்தத்தில் இருந்து வந்தது. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல். அத்திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவையில் முன்னின்று நிறைவேற்றியவர் இவர்.

1792இல் வெர்மான்ட் மாநிலத்தின் வறிய குடும்பம் ஒன்றில், வளைந்த பாதத்துடன் பிறந்தார். தாயின் உழைப்பில் படித்து, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வழக்குரைஞரானார். 1821இல் ஓர் அடிமை உரிமையாளருக்காக வாதாடி வென்றார். விடுதலை கேட்டு வந்த பெண்ணும் அவர் பிள்ளைகளும் மீண்டும் அடிமைத்தளைக்குள் தள்ளப்பட்டனர். வழக்குரைஞர்களாகிய நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. தப்பி வந்த அடிமைகளுக்காகப் பின்னாளில் வாதாடியவரும் அவரே.

பொதுப்பள்ளிகளுக்கு வரி விதிக்கும் சட்டத்தை நீக்கக் கோரி 1835இல் மாநிலமெங்கும் இருந்து மனுக்கள் குவிந்தன. மாநில மேலவையும் இணங்கிவிட்டது. கீழவையில் ஸ்டீவன்ஸ் ஆற்றிய உரை அச்சட்டத்தைக் காப்பாற்றியது. அடுத்த சோதனை இதனினும் கடியது. பென்சில்வேனியாவின் அரசமைப்பைத் திருத்தக் கூடிய மாநாடு, வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே என்று 1838இல் எழுதியது. உறுப்பினராக இருந்தும் ஸ்டீவன்ஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். பொது வாக்கெடுப்பில் மிகச் சொற்ப வேறுபாட்டில் அது வென்றது. கறுப்பினத்தவர் அடுத்த 32 ஆண்டுகள் அங்கு வாக்களிக்க இயலவில்லை.

1865இல் போர் முடிந்தது. 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. உடனே ஒரு விந்தை நேர்ந்தது. அதுவரை பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணினர். இனி ஐவரும் ஐவரே. ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆகவே தோற்ற தெற்கின் பழைய எசமானர்கள், விடுதலை பெற்றோரின் தலைகளை எண்ணிக் காட்டியே கூடுதல் இடங்களுடன் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவிருந்தனர். வென்ற வடக்கின் மனநிலையோ அதே ஆண்டில் வெளிப்பட்டது. கனெக்டிகட், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்குரிமை பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டு மூன்றிலும் தோற்றது. யாருடைய உரிமை குறித்துக் கேட்கப்பட்டதோ, அவர்களுக்கு அதில் வாக்கில்லை.

ஸ்டீவன்ஸ் அந்தக் கருத்து கனியட்டும் என்று காத்திருக்கவில்லை; அதைப் புறக்கணிக்கவும் இல்லை. 1866 ஜூன் 13 அன்று 14ஆம் திருத்தம் அவரது அவையில் 120க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறியது. வாக்குரிமையை அது நேரடியாக வழங்கவில்லை. மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதிகளைக் குறைக்கும் அளவோடு நின்றது. குறைபட்டதென்று வெளிப்படையாகச் சொல்லியே ஏற்றார். அவ்வாண்டு மெம்பிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் நிகழ்ந்த படுகொலைகள் வடக்கின் மனத்தை அசைத்தன. இலையுதிர்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி பெருவெற்றி பெற்றது. தெற்கின் பத்து மாநிலங்கள் திருத்தத்தை ஏற்காதபோது, 1867 மார்ச்சில் காங்கிரஸ் வேறு வழி எடுத்தது. கறுப்பின ஆண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநாடுகளே அங்கு புதிய அரசமைப்புகளை எழுத வேண்டும் என்றது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் வாக்காளர்களாயினர். தென் கரோலினா மாநாட்டில் அவர்களே பெரும்பான்மை. இன வேறுபாடின்றி எல்லோர்க்கும் பொதுப்பள்ளி என்று அவர்கள் எழுதினர். கணக்கில் சேர்க்கப்பட்டதும் மக்கள் கருத்தே வேறாயிற்று. அதே 1867இல் வடக்கின் ஒஹாயோ, மீண்டும் ஒரு வாக்கெடுப்பில் கறுப்பினத்தவர் வாக்குரிமையைத் தள்ளியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிலத்தில்தான் ஸ்டீவன்ஸ் தோற்றார். பெருநிலக்கிழார்களின் தோட்டங்களைப் பறித்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வழங்கும் அவரது திட்டத்தைச் சொந்தக் கட்சியே கைவிட்டது. வாக்கு தர இசைந்தவர்களும் சொத்துரிமை என்றதும் பின்வாங்கினர். பஞ்சமி நிலத்துக்காக நடையாய் நடப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

14ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதம், 1868 ஆகஸ்டில் அவர் மறைந்தார். நிறம் பார்க்கும் இடுகாடுகளை ஒதுக்கி, லங்காஸ்டரில் எல்லோரையும் ஏற்ற சிறிய கல்லறைத் தோட்டத்தைத் தாமே தேர்ந்திருந்தார். ஐந்தாண்டுகளில், புணேயில் ஜோதிராவ் புலே தம் குலாம்கிரி நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1877இல் கூட்டாட்சிப் படைகளின் காவல் தெற்கில் முடிந்தது. 1890இல் மிசிசிப்பி, வாக்காளர் வரியையும் படிப்புச் சோதனையையும் வைத்துக் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்கும் புதிய அரசமைப்பை இயற்றியது. அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடவே இல்லை.