மூன்று ரூபா அபராதம்

நம் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்ற பெயரை அறியாதவர் இல்லை. அன்று தஞ்சைச் சீமையில் ஊர்க் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபா சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் ஏழைச் சிறுவன், பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக அமர்ந்தார். அவரே சர் தி. முத்துசாமி ஐயர்.

1832ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை அவரைப் பள்ளியிலிருந்து வேலைக்கு இழுத்தது. ஒருநாள் ஆற்றங்கரை உடைந்ததாகத் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லாததால் இச்சிறுவனையே பார்த்து வரச் சொன்னார். அவன் எல்லா விவரங்களையும் பிழையின்றிக் கொண்டு வந்து கொடுத்தான். அந்தத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் வியந்ததோடு நின்றுவிடவில்லை. பையன் படிப்பதற்கு வழியும் செய்தார். நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும், பின்பு சென்னையிலும் அவர் கல்வி கற்றார். தெருவிளக்கின் வெளிச்சத்தில் படித்தார் என்று இன்றும் மக்கள் சொல்வதுண்டு. 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபா பரிசும் பெற்றார்.

ஆசிரியராகத் தொடங்கி, 1856இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாகி, 1868இல் சென்னையில் போலீஸ் நீதவானானார். அப்போதுதான் அந்த வழக்கு வந்தது. தம் வளவுக்குள் அத்துமீறி நுழைந்த இந்தியர் ஒருவரை அடித்ததாக, உயர் நீதிமன்ற நீதிபதியான ஹாலோவே என்ற வெள்ளையர் மீது முறைப்பாடு. அவரை நேரில் வரும்படி வற்புறுத்த வேண்டாம் என்று தலைமை நீதவானே சொல்லிப் பார்த்தார். முத்துசாமி ஐயர் இணங்கவில்லை. விசாரித்து 3 ரூபா அபராதம் விதித்தார்.

மூன்று ரூபா அந்தத் துரைக்குப் பெரிய தொகையா? இல்லை. ஆனால் அடித்தவர் எவராயினும் அடிபட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த மூன்று ரூபா நாட்டுக்கே அறிவித்தது. துரையின் சொல்லே சட்டம் என்றிருந்த காலத்தைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்ட இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

1878இல் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கே அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளையர் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்கு மறுமொழியாகவே அவ்வாண்டு இந்து பத்திரிகை பிறந்தது. 1893இல் சில மாதங்கள் பதில் பிரதம நீதியரசராகவும் கடமையாற்றினார். 1895 ஜனவரியில் காலமானார். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருடைய சலவைக்கல் சிலை இன்றும் வீற்றிருக்கிறது.

பெற்றோரே, ஒன்றை மறவாதீர்கள். அச்சிறுவனின் திறமை மட்டும் போதியதாக இருக்கவில்லை. அதைக் கண்டு கைகொடுக்க ஒரு தாசில்தாரும் வேண்டியிருந்தது. உங்கள் லயத்திலும் பள்ளியை விட்டு வேலைக்குப் போக இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அதன் கொப்பியைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். உங்களால் இயலாவிட்டால், இயன்றவரிடம் அந்தப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.