காமிராவும் கானகமும்: மா. கிருஷ்ணன் வரலாறு

பனிக்காலந்தோறும் தனுஷ்கோடி மணற்பரப்பையடுத்த ஆழமில்லா நீர்நிலைகளிற் பூநாரைகள் வந்திறங்குதல் எம் இராமநாதபுரத்தார் யாவரும் அறிந்ததே. 2025-ஆம் ஆண்டில் அரசினர் அவ்விடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தனர். அவற்றைப் படமெடுக்க விழையும் மாணாக்கர் முதற்கண் வினவுவது, எந்தக் காமிராவை வாங்குவது என்பதே. அவ்வினாவுடன் நெடுங்காலம் வாழ்ந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

மா. கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையா இவருடைய தந்தையார்; மக்கள் எண்மருள் இவரே கடைசி. பட்டப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாதல் வேண்டுமென்று 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதாடிய மாதவையா, பேசி முடித்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். தமிழ் பயிலும் எம்போல்வார் இதனை மறத்தல் தகாது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

மாநிலக் கல்லூரியில் இவர் தாவர நூல் கற்றார். பேராசிரியர் பைசனுடன் கொடைக்கானல் மலைகளில் அலைந்து செடிகொடிகளை நோக்கப் பழகினார். அப்பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். பின்னர்ச் சட்டமும் படித்தாராயினும் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை. 1942-இல் சந்தூர் சமஸ்தானஞ் சென்று, ஆசிரியராகவும் நீதிபதியாகவும் அரசரின் செயலாளராகவும் பணிபுரிந்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் வேறு உத்தியோகத்தை நாடாது சென்னைக்கு மீண்டார். எழுத்தையும் படத்தையுமே நம்பி ஒருவர் குடும்பம் நடத்துதல் அந்நாளில் எளிதன்று.

இனிக் கருவியைப் பற்றிக் கூறுவாம். கிருஷ்ணன் கடையிற் கிடைத்ததை அப்படியே ஏற்றவரல்லர். ஒன்றன் உடலையும் வேறொன்றன் தொலைநோக்கு லென்ஸையும் பொருத்தித் தமக்கெனவே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டு, அதன் பளுவை நகையாடுவார்போல் சூப்பர் பாண்டெரோசா என்று பெயரிட்டார். பெரிய பிலிமிற் பதியும் உருவம் நுண்மை கெடாது. ஆனால் சுமை மிகும். மரநிழலில் ஒளி குறைவு. நீண்ட லென்ஸோ ஒளியை மிகுதியும் வேண்டுவது. இவ்விடர்களையெல்லாம் அறிந்தே அவர் அதனைத் தேர்ந்தார். ஏனெனில், தம்மை ஒருவன் நோக்குகின்றான் என்றறியாத விலங்கின் இயல்பே அவர் வேண்டியது. வண்ணப் படத்தையும் அவர் விரும்பவில்லை. கறுப்பு வெள்ளையே அவருக்குப் போதியதாயிற்று.

அவருக்கு முன்னரே வடநாட்டுக் காடுகளிற் சாம்பியன் என்னும் ஆங்கிலேய வன அதிகாரி, விலங்கின் கால் பட்டவுடன் விளக்கு மின்னிப் படம் பதியும்படி கம்பி கட்டிப் புலிகளைப் படமெடுத்து, 1927-இல் நூலாக வெளியிட்டார். அஃது அரிய செயலே. எனினும் ஆங்கே கம்பியே படமெடுக்கின்றது; கிருஷ்ணனோ தாமே காத்திருந்தார். காலால் நடந்தும், முதுமலை போன்ற காடுகளில் வளர்ப்பு யானைமீதமர்ந்தும் அவர் சென்றார். யானையைக் கண்டு அஞ்சாத மான், அதன்மேலுள்ள மனிதனையும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் யானையோ நின்றவிடத்தும் அசையும். மூச்சுவிடும்போதும் அதன் முதுகு உயர்ந்து தாழும். அதன்மேலிருந்து கனத்த காமிராவை ஆட்டமின்றிப் பிடித்தல் எத்தகைய பயிற்சி என்பதை எண்ணிப் பார்மின்!

மிருகக்காட்சிசாலையில் இத்துணைத் துன்பமில்லை. கம்பியினருகே லென்ஸை வைத்து, அதன் வாயை அகலத் திறந்து, சற்றுத் தள்ளி நிற்கும் விலங்கை நோக்கினால் கம்பி படத்தில் மறையும். சிறிய காமிராவும் போதும். பழகுவார்க்கு அதுவே நல்ல பள்ளி. தனுஷ்கோடியிலோ மறைந்து நிற்க ஒரு மரமில்லை, ஏறிச் செல்ல யானையுமில்லை. ஆங்கே நீண்ட லென்ஸும் தொலைவுமே துணை. படத்திற்காக நெருங்கிச் சென்று கூட்டத்தை எழுப்புவோர் உளர். இரைதேடும் பறவைகளை வீணே அலைக்கழிக்கும் அச்செயலை யாம் வெறுக்கின்றோம்.

1968-இல் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னாட்டுப் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவ்வாராய்ச்சியின் பயனை 1975-இல் நூலாகக் காண்கின்றோம். தமிழிலும் கட்டுரைகள் எழுதியதோடு துப்பறியும் நாவல் ஒன்றும் இயற்றினார். தந்தையின் மரபு முற்றும் அறவில்லை.

கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-இல் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பகுதியை 46 ஆண்டுகள் விடாது எழுதினார். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் காலமானார். அப்பகுதியின் இறுதிக் கட்டுரை வெளிவந்ததும் அன்றே.