காலா அசாரை வென்ற மருத்துவர்

நுழையும்முன்

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. எந்த நோயால் காய்ச்சல் வந்தது என்று தெளியாமல் கொடுக்கும் மருந்து, நோயாளிக்குப் பயன் தராது. ஒத்த தோற்றமுடைய நோய்களைப் பிரித்தறிந்து, உரிய மருந்தையும் உருவாக்கிய இந்திய மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

இன்றைய பீகார் மாநிலத்திலுள்ள ஜமால்பூர், இரயில்வே பணிமனையால் பெயர் பெற்ற ஊர். அங்குக் கிழக்கிந்திய இரயில்வேயில் மருத்துவராகப் பணியாற்றியவர் நீலமணி பிரம்மச்சாரி. அவருடைய மகனாக உபேந்திரநாத் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பிறந்தார். வங்க மொழி பேசும் குடும்பம், தந்தையின் பணியின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் வாழ்ந்தது. இத்தகைய வாழ்க்கை உங்களுள் பலருக்குப் புதிதன்று.

உபேந்திரநாத் ஹூக்ளி கல்லூரியில் பயின்று 1893இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவம் பயின்று, 1902இல் மருத்துவத்தில் உயர் பட்டமும் 1904இல் முனைவர் பட்டமும் அடைந்தார். வேதியியல், மருத்துவம் என்னும் இரு துறைகளிலும் அவர் பெற்ற புலமையே பிற்காலத்தில் பெரும்பணி ஒன்றுக்கு அடித்தளமாயிற்று.

கரிய காய்ச்சல்

அக்காலத்தில் அசாம், வங்காளம், பீகார் ஆகிய பகுதிகளைக் காலா அசார் என்னும் கொடிய நோய் வாட்டியது. இந்தியில் 'காலா' என்றால் கருமை என்பதை நீங்கள் அறிவீர்கள். 'அசார்' என்பது நோயைக் குறிக்கும். இந்நோய் கண்டவருக்குக் காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும். உடல் மெலியும், இரத்தம் குறையும், மண்ணீரல் வீங்குவதால் வயிறு பருக்கும், தோல் கருமை அடையும். மருத்துவம் பெறாதவர்களுள் பிழைத்தவர் மிகச் சிலரே. அசாமில் இந்நோய் பரவிய காலத்தில் பல சிற்றூர்கள் மக்களை இழந்து வெறுமையாயின.

மலேரியாவிலும் காய்ச்சல் உண்டு. மண்ணீரல் வீக்கமும் உண்டு. ஆகவே காலா அசாரை மலேரியா என்றே பலரும் கருதினர். மலேரியாவைத் தணிக்கும் கொயினா மருந்தைக் கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. 1903ஆம் ஆண்டில்தான் இக்குழப்பம் நீங்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும், சென்னையில் பணியாற்றிய டானவன் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து, நோயாளியின் மண்ணீரலில் நுண்ணிய ஒட்டுண்ணி இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். காலா அசார் வேறொரு நோய் என்பது உறுதியாயிற்று. அவ்விருவர் பெயராலேயே அவ்வொட்டுண்ணி இன்றும் அழைக்கப்படுகிறது.

ஆயினும் ஒட்டுண்ணியைக் காண மண்ணீரலில் ஊசி செலுத்த வேண்டும். அதனால் உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே இடர் நேரலாம். இதனை உணர்ந்த பிரம்மச்சாரி, எளிய இரத்தச் சோதனை ஒன்றை வகுத்தார். காலா அசார் நோயாளியின் இரத்தத்தில் ஒருவகைப் புரதம் மிகுந்திருக்கும். இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீருடன் தூய நீரைச் சேர்த்தால் அப்புரதம் கலங்கலாக வெளிப்படும். இக்கலங்கல் நோயை ஐயுற உதவியது.

விளக்கொளியில் விளைந்த மருந்து

1905ஆம் ஆண்டு கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில் பிரம்மச்சாரி ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறுப்பேற்றார். அங்குக் காலா அசார் நோயாளிகள் பலரைக் கண்டார். ஆன்டிமனி என்னும் தனிமம் கலந்த உப்பு அந்நோய்க்குப் பின்னர் வழங்கப்பட்டது. அது ஒட்டுண்ணியை அழித்தது. எனினும் நெடுநாள் ஊசி வழியே செலுத்த வேண்டியிருந்தது. வாந்தி முதலிய துன்பங்களையும் விளைவித்தது. ஏற்கெனவே மெலிந்த நோயாளிகள் அதனைத் தாங்க இயலாது வருந்தினர்.

தீங்கு குறைந்த மருந்து ஒன்றை ஆக்க அவர் முனைந்தார். அவருக்குக் கிடைத்த ஆய்வறை மிகச் சிறியது. எரிவளி இணைப்போ, தண்ணீர்க் குழாயோ, மின்விளக்கோ அங்கு இல்லை. பகலில் நோயாளிகளைக் கவனித்தவர், இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் ஆய்வைத் தொடர்ந்தார். 1920ஆம் ஆண்டில் யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தை உருவாக்கினார். பல மாதங்கள் நீடித்த மருத்துவம் சில வாரங்களில் முடிந்தது. அசாமில் இம்மருந்து பரவலாக வழங்கப்பட்டபின் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது.

நலம் பெற்ற பின்னும்

காய்ச்சல் நீங்கியதும் தம் கடமை முடிந்தது என்று பிரம்மச்சாரி எண்ணவில்லை. காலா அசாரிலிருந்து நலம் பெற்ற சிலருக்குப் பின்னாளில் தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றின. பார்ப்பவர் அவற்றைத் தொழுநோய் என்று எளிதில் எண்ணிவிடுவர். தொழுநோயாளியை ஊராரும் உறவினரும் ஒதுக்கிய காலம் அது. ஆகவே நோயைத் தவறாகக் கணித்தால் ஒருவர் தம் இல்லத்தையே இழக்க நேரிடும்.

அவர் அத்தோலை ஆராய்ந்தார். காலா அசாரின் ஒட்டுண்ணியே அங்கு மறைந்திருந்தது. தொழுநோய்த் திட்டுகளில் தொடுவுணர்வு குன்றும். இத்திட்டுகளில் அது குன்றுவதில்லை. இப்புதிய நோய்நிலையை அவர் 1922இல் உலகுக்கு அறிவித்தார். இது அரிதாகக் காணப்படுவது எனினும் பெரிதும் கருதத்தக்கது. ஒரு பூச்சியே இந்நோயைப் பரப்புகிறது. இத்தகையோரை மணல் ஈ என்னும் அச்சிறு பூச்சி கடித்தால், ஒட்டுண்ணி பிறருக்கும் பரவக்கூடும். அதனால் இன்றும் காலா அசார் ஒழிப்புப் பணியாளர்கள், குணமானவர்களின் தோலையும் கவனித்து வருகின்றனர்.

இறுதிக் காலம்

பிரம்மச்சாரி கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1929இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1934இல் 'சர்' பட்டம் பெற்றார். 1936இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் கண்ட மருந்தின் இடத்தைப் பிற்காலத்தில் வேறு மருந்துகள் பெற்றன. நோயாளியை நேரில் கண்டு, ஐயம் எழுந்தால் ஆராய்ந்து, குணமான பின்னும் தொடர்ந்து கவனிக்கும் அவரது முறையோ இன்றும் மருத்துவர்க்கு வழிகாட்டுகிறது.

சொற்பொருள்

ஒட்டுண்ணி – பிற உயிரின் உடலில் தங்கி வாழும் உயிர்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
இடர் – துன்பம், ஆபத்து
கணித்தல் – ஆராய்ந்து முடிவு செய்தல்

பயிற்சி

1. காலா அசாரை மலேரியா எனப் பலர் கருதியது ஏன்?
2. பிரம்மச்சாரியின் ஆய்வறையில் எவ்வெவ் வசதிகள் இல்லை?
3. தோல் திட்டுகளைத் தொழுநோய் எனத் தவறாகக் கணித்தால் நோயாளிக்கு நேரும் தீங்கு யாது?
4. பிரித்து எழுதுக: மண்ணீரல், உயிரிழப்பு, மின்விளக்கு.
5. நீங்கள் வாழும் ஊரில் மருத்துவப் பணியாற்றும் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் பணியைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.