திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீடு



பெருந்தலைவர் காமராசரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது தயங்கினேன். காரணம் இருக்கிறது. 1967-இல் அவரைத் தோற்கடிக்க விருதுநகர் வீதிகளில் தட்டி தூக்கிக்கொண்டு அலைந்த மாணவர்களில் நானும் ஒருத்தன். அதைச் சொல்லிவிட்டு எழுதுவதுதான் நியாயம்.

சில ஆண்டுகளுக்கு முன், பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னை போயிருந்தேன். அப்போதுதான் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள காமராசர் நினைவு இல்லத்திற்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் முதலமைச்சராக இருந்தவர் வாழ்ந்த வீடு அது. ஆனால் அவருக்குச் சொந்தமில்லை, வாடகை வீடு. 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. அவர் பயன்படுத்திய பொருள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு சாதாரண வாத்தியார் வீட்டில்கூட இதைவிட அதிகமாகச் சாமான் இருக்கும் என்று தோன்றியது.

1903 ஜூலை 15-இல் விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை காலமானார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். ஆனால் மனசு சுதந்திரப் போராட்டத்தில்தான் இருந்தது. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் தொடங்கி, சிறையில் கழித்தது மட்டும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். உள்ளே இருந்தபோதே, 1941-இல், விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழுமையாகக் கவனிக்க முடியாத பதவியில் இருக்கக் கூடாது என்று விலகிக்கொண்டார்.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவை. தலைமைக்குத் தன்னோடு போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். பாதி நாள் பள்ளி, மீதி நாள் தகப்பன் தொழில் என்று 1953-இல் வந்திருந்த திட்டத்தைக் கைவிட்டார். பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் பள்ளி திறப்பது அரசின் முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. அப்படித் திறந்த ஒன்றில்தான் நான் ‘அ’ எழுதினேன்.

எங்க ஊர் விருதுநகருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். ஊர்ச் சாவடிதான் பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார். பள்ளி வந்தும் பிள்ளைகள் வரவில்லை. ஆடு மேய்க்கப் போனால் வீட்டில் கஞ்சியாவது கிடைக்கும். இந்தக் கணக்குக் காமராசருக்குத் தெரிந்திருந்தது. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் அரசுப் பணத்தில் நடந்ததல்ல அது. ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும் நடந்தது. எங்க ஊரிலும் அறுவடையானால் வாத்தியார் சாக்கோடு களத்துக்கு வந்து நிற்பார். மத்தியானம் மணி அடித்ததும் தட்டோடு ஓடுவோம். சோற்றுக்காகப் போய்த்தான் படிச்சோம். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை.

1963-இல், மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்றார். அக்டோபர் 2-இல் தாமே முதலமைச்சர் நாற்காலியை விட்டார். அடுத்த ஆண்டு அகில இந்திய காங்கிரசின் தலைவர். நேருவுக்குப் பின் சாஸ்திரி, அவருக்குப் பின் இந்திரா காந்தி என இரண்டு பிரதமர்கள் வர முன்நின்றார்.

நான் கல்லூரிக்கு வந்த காலம் வேறு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு வேறு. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். எனக்கு ஓட்டுப் போடும் வயசு ஆகவில்லை. ஆனால் தொண்டை கட்டுகிற வரை கத்தினேன். 1,285 வாக்குகளில் காமராசர் தோற்றார். தெருவில் ஆடிவிட்டு ஊருக்குப் போனேன். எங்க அம்மா ஒன்றும் திட்டவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, இந்தக் கையெழுத்துப் போடுற படிப்பு யார் போட்ட சோத்துல வந்ததுன்னு கேட்டுவிட்டு உள்ளே போயிட்டாங்க.

மொழிக்காக நின்றது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆட்சியைக் கேள்வி கேட்பது மாணவனின் உரிமை. ஆனால் எதிர்த்து நிற்கும்போதே நன்றியையும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று பதினெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அவரோ மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். மறைந்த மறு ஆண்டு, 1976-இல், நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது.

கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் எழுப்பினார். அந்தப் படிகளில் ஏறி வந்தவர்கள்தான் இந்தச் சந்திப்பில் கூடியிருக்கும் நம்மில் பலர்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அன்று களத்து மேட்டில் சாக்கு நீட்டியது போல இந்தச் சந்திப்பிலும் ஒரு உண்டியல் வைப்போம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை அதிலிருந்து கட்டுவோம். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கும் மேலான பாக்கி அது. வட்டியைக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.